34 தலைமுறைக் கணக்கில் மண் சுமந்தவர் எங்கே?

2023 செப்டம்பரில் தில்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது பாரத் மண்டபத்தின் முன்னால் 27 அடி உயர நடராசர் நின்றார். 18 டன் எடை. எட்டு உலோகக் கலவை. ஏழு மாதத்தில் வார்த்துக் கொடுத்தது எங்கள் சுவாமிமலை. உலகத் தலைவர்கள் அதன் முன்னால் நடந்து போனதைத் தொலைக்காட்சியில் நாங்களும் பார்த்தோம். பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அரசுத் தரப்புச் செய்திக் குறிப்பைப் படித்தோம். தலைமை ஸ்தபதியின் பெயர் இருந்தது. அவருடைய குடும்பம் சோழர் காலம் முதல் 34 தலைமுறையாக இத்தொழிலைச் செய்துவருகிறது என்று இருந்தது. கூடவே ஒரு சொல்: ‘குழுவினர்’.

அந்தக் குழுவில் யார் யார்? 18 டன் உலோகத்துக்கு எத்தனை வண்டி மண் வேண்டும், எத்தனை பேர் அந்த மண்ணை மிதிக்க வேண்டும், எத்தனை பேர் உலைக்கு முன்னால் நிற்க வேண்டும், வார்ப்பு ஆறிய பிறகு எத்தனை பேர் எத்தனை நாள் அரம் பிடித்து ராவ வேண்டும்? ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த ஸ்தபதியின் திறமை மீதோ, சுவாமிமலையில் தொழில் செய்யும் எந்த விஸ்வகர்மக் குடும்பத்தின் மீதோ எங்களுக்கு வழக்கு இல்லை. எங்கள் வழக்கு ‘34 தலைமுறை’ என்ற கணக்கின் மீது. ஒரு கலைப்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு வம்சத்தின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்லும் வழக்கத்தின் மீது. எங்கள் தாத்தனும் 34ஆம் தலைமுறைதான். அதை எண்ணி வைக்க யாரும் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

ஒரு சிலைக்குள் எத்தனை கை?

சுவாமிமலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பட்டறையில் மெழுகைக் காட்டுவார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் விரலால் உருட்டிச் சாமியின் விரலைச் செய்வதைக் காட்டுவார்கள். தென்னை ஓலையைக் கிழித்து மடித்துத் தாள அளவு பிடிப்பதைக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். படம் எடுக்கலாம்.

பயணிகள் போன பிறகு நடப்பதுதான் முக்கால்வாசி வேலை. மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரியின் மென்மையான வண்டல். உமியைக் கருக்கி அரைத்துச் சேர்ப்பார்கள். அதன் மேல் வயல் மண்ணும் மணலும் கலந்த இரண்டாவது பூச்சு. அதற்கும் மேல் கரடான மண், பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பிக் கட்டு. ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். பிறகு வரட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை உருக்கி வடிக்க வேண்டும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். மூசையில் உருகிய செம்பும் பித்தளையும் ஈயமும் அந்த வெற்றிடத்தில் போய் நிற்கும். ஆறியதும் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அப்போது அது கறுத்து, முள்ளும் பிசிறுமாக இருக்கும். அதை உளியால் செதுக்கி, அரத்தால் ராவி, எமரி பேப்பரால் தேய்த்துத் தேய்த்துத்தான் சாமியாக்க வேண்டும். உலோகத் தூசு தொண்டைக்குள் இறங்கும். ஈயப் புகை நெஞ்சுக்குள் இறங்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மெழுகு மலைக்காட்டில் தேன் எடுக்கும் பழங்குடிகளின் கையிலிருந்து கீழே வந்த பொருள். உமி, நாற்று நட்டு அறுத்துப் போரடித்த கூலிக்காரர்களின் நெல்லிலிருந்து வந்தது. வரட்டி தட்டியது எங்கள் பெண்கள். வண்டலை ஆற்றுப் படுகையில் வெட்டிக் கூடையில் சுமந்து கரையேற்றியது எங்கள் ஆண்களும் பெண்களும். மின்சார ஊதுலை வருவதற்கு முன்னால் உலையை ஊதியது தோல் துருத்தி. அந்தத் தோலை உரித்துப் பதனிட்டவர் யார் என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செத்த மாட்டின் தோலைத் தொட்டதற்காகத் தீட்டு. அந்தத் தோல் ஊதிய நெருப்பில் பிறந்ததற்குப் பெயர் தெய்வம். நந்தனாரின் கதையிலும் இதே கணக்குதான். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். கொடுத்த பொருள் உள்ளே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். அவரைத் தீயில் இறக்கிய பிறகுதான் அறுபத்து மூவரில் ஒருவராக வார்த்து வரிசையில் வைத்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பதினான்கு வயதில் ஒரு பட்டறையில் ராவு வேலைக்குச் சேர்ந்தார். இன்று அவருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. சிவகாமியின் மூக்கு எந்த இடத்தில் எவ்வளவு ராவினால் கெடும், எவ்வளவு ராவினால் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முப்பது வருடத்தில் ஒருநாளும் அவர் கையில் மெழுகு கொடுக்கப்படவில்லை. கேட்டதற்கு வந்த பதில்: “அது உங்க வேலை இல்லப்பா.” திட்டிச் சொல்லவில்லை, அடித்துச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். சாதி எப்போதும் கோபமாகவே பேசும் என்று யார் சொன்னது?

வியாபாரியும் தயாரிப்பாளர், மண் எடுப்பவர் யாருமில்லை

‘சுவாமிமலை வெண்கலச் சிலைகள்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் கிடைத்த பதிவு இது. அந்தச் சட்டத்தின் அடிப்படை என்ன? ஒரு பொருளின் தரமோ புகழோ அது பிறந்த மண்ணால் வருகிறது என்பதுதான். டார்ஜிலிங்கில் விளையாததை டார்ஜிலிங் தேயிலை என்று விற்கக் கூடாது. அதுபோல வேறெங்கோ வார்த்ததைச் சுவாமிமலைச் சிலை என்று விற்கக் கூடாது. நல்ல சட்டம்.

சுவாமிமலைக்கு என்ன தனிச்சிறப்பு என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் முதல் பதில் மண். இந்த இடத்துக் காவிரி வண்டல் மெழுகின் மேல் தோல்போல ஒட்டும், நகக்கீறல் அளவு நுணுக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், சூட்டில் வெடிக்காது என்பார்கள். உண்மைதான். சிற்பியை வேறு ஊருக்கு அழைத்துப் போகலாம், செம்பை வேறு ஊரிலிருந்து வாங்கலாம். சோழ நாட்டில் செம்புச் சுரங்கம் ஏது? அது வெளியிலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து வராதது மண் ஒன்றுதான்.

சரி, மண்தான் மூலம் என்றால் மண்ணை எடுத்தவருக்கு அந்தச் சட்டத்தில் என்ன இடம்?

தயாரிப்பாளர் யார் என்று சட்டத்தின் இரண்டாவது பிரிவு விளக்குகிறது. கைவினைப் பொருளென்றால் அதைச் செய்பவர் தயாரிப்பாளர். அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பொருளை வாங்கி விற்று வணிகம் செய்பவரும் தயாரிப்பாளர் என்ற சொல்லுக்குள் வருகிறார். அதாவது குளிரூட்டிய கடையில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுபவர் சட்டப்படி தயாரிப்பாளர் ஆகலாம். படுகையில் இறங்கி வண்டல் வெட்டியவரைப் பற்றியும், முப்பது வருடம் அரம் பிடித்தவரைப் பற்றியும் சட்டம் வாய் திறக்கவில்லை. அவர்கள் கூலிகள். கூலிக்குப் பூர்வீகம் கிடையாது.

மண்ணுக்குச் சான்றிதழ் உண்டு, மண்ணை வெட்டிய மனிதனுக்கு அடையாள அட்டைகூடக் கிடையாது. இதற்குப் பெயர்தான் பூர்வீகத்தைக் காப்பதா?

கம்மாணச்சேரியும் பறைச்சேரியும்

“ஆதியிலிருந்தே இது எங்கள் குலத்தொழில், அரசர்கள் எங்களைப் போற்றி வைத்திருந்தார்கள்” என்று பேசுகிறவர்களை நாங்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போக விரும்புகிறோம். கும்பிட அல்ல, கல்வெட்டுப் படிக்க.

இராசராசன் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளின் உயரத்தை முழக்கணக்கிலும் விரல்கணக்கிலும் வெட்டி வைத்தான். கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்றும் எழுதினான். சாத்திய நகையில் எத்தனை முத்து என்று எண்ணி எழுதினான். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயரையும் வீட்டு வரிசையோடு எழுதினான். கல்வேலைப் பெருந்தச்சன் பெயரும் உண்டு. ஆனால் சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளில் வார்த்தவன் கையொப்பம் போடும் வழக்கம் இல்லை. உலகமே கொண்டாடும் அந்தச் சிலைகளைச் செய்தவர்கள் பெயரில்லாதவர்கள்.

அதே கோயில் கல்வெட்டில் வேறொரு பட்டியலும் இருக்கிறது. கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்துக்காட்டும் பட்டியல். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்த வரிசையில் பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. கூடவே கம்மாணச்சேரி வருகிறது. கம்மாளர்கள் குடியிருந்த சேரி. ஊர் வேறாகவும் சேரி வேறாகவும் எழுதப்பட்ட அந்தக் கணக்கில், உலோகத்தை உருக்கியவனும் பறையடித்தவனும் ஊருக்கு வெளியே இருந்தார்கள்.

கொங்கு நாட்டிலிருந்து இன்னொரு கல்வெட்டு. கம்மாளர்களுக்கு ஒரு மன்னன் சலுகை கொடுக்கிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இதைச் சலுகையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பு நிலைமை என்ன? செருப்புப் போடக் கூடாது. வீட்டுக்குச் சாந்து பூசக் கூடாது. இந்த விதிகளை எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? எங்கள் பாட்டிகள் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே விதி. உங்களுக்குக் கல்வெட்டில் தளர்ந்தது. எங்களுக்கு ஆண்டுகள் பல நூறு கழிந்தும் தளரவில்லை.

எனவே விஸ்வகர்ம நண்பர்களே, இதைப் பகையாகச் சொல்லவில்லை. உங்கள் உண்மையான பூர்வீகம் அரண்மனையில் இல்லை. கம்மாணச்சேரியில் இருக்கிறது. எங்கள் பறைச்சேரிக்குப் பக்கத்துச் சேரி அது. இன்றைக்கும் சிலையின் கண்ணைத் திறப்பது நீங்கள்தான். பிரதிட்டை முடிந்த பிறகு அதே சிலையைத் தொட உங்களுக்கும் அனுமதி இல்லை. அப்படியிருக்க எங்கள் பையன் கையில் மெழுகைக் கொடுக்க ஏன் தயங்குகிறீர்கள்?

சாமிக்குச் சாட்சி சொன்ன மண்

பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பதில் நம் அரசுகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்தூர் நடராசர் வழக்கைப் பாருங்கள்.

1976இல் பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் நிலமற்ற ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டியபோது வெண்கலச் சிலைகள் கிடைத்தன. நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் என்ற நிறுவனம் அவரை வாங்கியது. லண்டன் காவல்துறை சிலையைக் கைப்பற்றியது. இந்த நடராசர் பத்தூர்க்காரர்தானா என்பதே வழக்கின் மையக் கேள்வி. நிபுணர்கள் சிலையின் மேல் ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளின் மண்ணோடு ஒப்பிட்டார்கள். கரையான் ஊர்ந்த தடத்தைக்கூட விடவில்லை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 1991இல் நடராசர் திரும்பி வந்தார்.

இடிந்து கிடந்த ஒரு கோயில் லண்டன் நீதிமன்றத்தில் சட்டப்படி ஓர் ஆளாக நின்று தன் உடைமையைக் கேட்க முடிந்தது. நாங்கள் இதைக் கேலி செய்யவில்லை. திருடு போனது திரும்ப வேண்டும். ஆனால் கேட்கிறோம்: இடிந்த கோயிலை ஆளாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, சிலை கிடந்த மண்ணின் மேல் குடிசை போட்டு வாழ்ந்தவன் கண்டெடுத்த கூலியாக மட்டும் தெரிந்தது ஏன்? தொன்மையான சாமியின் பூர்வீகம் பத்தூர் என்று கரையான் தடத்தை வைத்து நிறுவினோம். அந்தத் தொழிலாளி எத்தனை தலைமுறையாகப் பத்தூர்க்காரர் என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் நிலம் யாருடையது என்ற கேள்வியும் வந்திருக்கும். தஞ்சை மாவட்டத்தில் அந்தக் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி சாட்சி. 44 பேர்.

அதற்குப் பிறகும் வித்தை வளர்ந்திருக்கிறது. சிறீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டு அது கோயிலிலிருந்து திருடியது என்று நிறுவினார்கள். 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அதை விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயில் சிலை வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. விஞ்ஞானி சாரதா ஸ்ரீனிவாசன் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளைக் கால வாரியாகப் பிரித்துக் காட்டினார். ஈயத்தின் பிறப்பிடம் அறிய வழி இருக்கிறது. வார்த்த கைகளின் பெயரை எழுத ஒரு பேனாவும் நோட்டும் போதும். அதுதான் இல்லை.

நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு பாடம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ப்யூப்ளோ பழங்குடிகள் மண்பாண்டம் செய்கிறார்கள். அங்கேயும் இதே கேள்வி: ஒரு பானையைப் பார்த்து இது எந்த ஊர்ப் பானை என்று எப்படிச் சொல்வது? மண்ணைப் பார்க்கிறார்கள். தாவோஸ் பக்கத்து மண்ணில் அபிரகம் மின்னும். அக்கோமாவில் பழைய ஓட்டை இடித்துப் புது மண்ணில் கலப்பார்கள். நம் ஊரில் மண்ணைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடும். அங்கே அடுத்த கேள்வி: செய்தவர் யார்?

சான் இல்டிஃபோன்சோ ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ் கறுப்புப் பானைகளுக்காக உலகப் புகழ் பெற்றவர். தொடக்கத்தில் அவர் பானையில் பெயர் எழுதியதில்லை. ஊரே சேர்ந்து செய்யும் வேலையில் ஒருத்தி மட்டும் பெயர் போடுவது அவர்கள் வழக்கமில்லை. வாங்குபவர்கள் கேட்டபோது எழுதத் தொடங்கினார். பெயருள்ள பானைக்கு விலை கூடுதல் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்த பானையிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது தலைவலி. எங்களுக்கு அது பாடம். புகழ் பெற்றவர் தன் பெயரைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் ஊரில் புகழ் பெற்ற பெயருக்குள் மற்ற பெயர்கள் காணாமல் போகின்றன.

1990இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. பழங்குடிகள் செய்யாத பொருளைப் பழங்குடிப் பொருள் என்று விற்றால் சிறை. அங்கே சட்டம் காக்கிறது, ஒடுக்கப்பட்ட மக்களின் கையை. இங்கே சட்டம் காக்கிறது, ஊரின் பெயர்ப்பலகையை. அந்தப் பலகைக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

குலத்தொழில் என்ற பொறி

“சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்? உங்கள் பிள்ளைகளும் குலத்தொழில் செய்ய வேண்டுமா?” என்று சில தோழர்களே கேட்கிறார்கள். இல்லை. அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறோம்.

1953இல் இராசாசி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் படி என்றார். தமிழ்நாடு கொதித்தது, 1954இல் திட்டம் போனது. 2023 செப்டம்பரில், அந்த நடராசர் தில்லியில் நின்ற அதே மாதத்தில், ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசு கேட்டது, நடக்கவில்லை, திட்டத்தை ஏற்கவில்லை. 2025இல் சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அது முப்பத்தைந்து வயது தாண்டி, தொழில் தெரிந்தவருக்குக் கடன் தரும் திட்டம். எங்கள் பையனுக்கு அந்தத் தொழிலை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடனுக்குக் கதவைத் திறந்து, கற்பதற்குக் கதவைச் சாத்தி வைத்தால் யார் உள்ளே போவார்?

சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். ஒரே பட்டறையில் அதைப் பார்க்கலாம். மெழுகு ஒருவருக்கு, மண் இன்னொருவருக்கு. உளி ஒருவருக்கு, அரம் இன்னொருவருக்கு. நிழல் ஒருவருக்கு, உலை இன்னொருவருக்கு.

இன்னும் சிலர் கேட்கிறார்கள்: “மண் சுமப்பது கலையா? கூலி கொடுத்தாகிவிட்டதே!” மண் சுமப்பது கலையல்ல என்றால் அந்த மண்ணைக் காட்டிப் புவிசார் குறியீடு வாங்காதீர்கள். எந்தப் படுகையில் எந்த ஆழத்தில் நல்ல வண்டல் இருக்கும், வெள்ளம் வடிந்து எத்தனை நாள் கழித்து எடுக்க வேண்டும், விரலில் தேய்த்தால் எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவு எந்தச் சிற்ப நூலிலும் இல்லை. எங்கள் கையில் இருக்கிறது. அதை அறிவென்று ஒப்புக்கொண்டால் கூலி போதாது என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஒப்புக்கொள்வதில்லை.

“எல்லாரையும் உள்ளே விட்டால் மரபு கெட்டுப்போகும்” என்றும் சொல்கிறார்கள். அர்ச்சகர் பணிக்கே பரம்பரை உரிமை செல்லாது என்று 1970இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1972இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. சாமிக்குப் பூசை செய்ய வம்சம் வேண்டாம் என்று ஆன பிறகு, சாமியைச் செய்ய மட்டும் வம்சம் எதற்கு? மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. சிற்பம் வகுப்பறையில் கற்கக் கூடியது என்று அரசே ஒப்புக்கொண்டு எத்தனை காலமாகிறது!

நாங்கள் கேட்பது

ஒன்று. சுவாமிமலைச் சிலையோடு போகும் ஒவ்வொரு சான்றிதழிலும் மெழுகு வேலை, மண் வேலை, வார்ப்பு, ராவு வேலை செய்த அனைவரின் பெயரும் இருக்க வேண்டும். அரசு வாங்கும் சிலைகளில், அரசுப் பூம்புகார் நிறுவனம் விற்கும் சிலைகளில் இதை நாளையே தொடங்கலாம். ஒரு பைசா செலவில்லை.

இரண்டு. புவிசார் குறியீட்டுப் பதிவில் பட்டறைத் தொழிலாளர்களும் மண் எடுப்போரும் பயன்பாட்டாளர்களாகச் சேர வழி வேண்டும். வியாபாரிக்கு இடம் இருக்கும் சொல்லில் தொழிலாளிக்கும் இடம் போடச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

மூன்று. சுவாமிமலையிலேயே அரசுப் பயிற்சி நிலையம், இட ஒதுக்கீட்டோடு, உதவித்தொகையோடு. மெழுகிலிருந்து கண் திறப்பு வரை எல்லாம் கற்றுத்தர வேண்டும். பெண்களுக்கும் இடம் வேண்டும். ஆசிரியர்களாக ஸ்தபதிகளே இருக்கட்டும். எங்கள் ராவுக்கார அண்ணனும் ஒரு ஆசிரியராக இருக்கட்டும்.

நான்கு. உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பட்டறைத் தொழிலாளர் அனைவரும் பதிவு. ஈயப் புகைக்கும் உலோகத் தூசுக்கும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனால் எதிர்ப்பு பெரிதாக வரும் என்று தெரியும். உற்சவர் தெருவில் உலா வருவார், சேரித் தெருமுனையில் திரும்பிவிடுவார் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண்டதேவித் தேர்வடத்தைத் தொட எத்தனை ஆண்டுப் போராட்டம், எத்தனை வழக்கு என்று அறிந்தவர்கள். 2015 ஆகஸ்ட் 15 அன்று சேஷசமுத்திரத்தில் தலித் மக்களின் தேர் எரிந்ததைப் பார்த்தவர்கள். சாமி எங்கள் தெருவுக்கு வரவில்லையே என்று நாங்கள் அழவில்லை. அந்தச் சாமி எங்கள் கை வழியாகத்தான் வெளியே போனார். வந்த வழியை எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த முறை யாராவது 34 தலைமுறை என்று சொன்னால், தோழர்களே, நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மண்ணை யார் எடுத்தது?”

ஜெய் பீம்!